லாக்ரொட்டேட்: கையால் ஓட்டினால் ஓடும் போஸ்ட்ரொட்டேட் ஸ்கிரிப்ட், இரவில் பாதி வேலையோடு நின்றுவிடுகிறது

#1 வட்டுக்காவலன்

வணக்கம். பழைய சர்வரில் வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடிய லாக் சுழற்சி (பழைய லாக் ஃபைலை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் லாக்ரொட்டேட் வேலை), புது டெபியனுக்கு மாறிய பிறகு அரைகுறையாக நடக்கிறது. கன்ஃபிக் இதுதான், எதையும் மாற்றவில்லை:

/வார்/லாக்/பில்லிங்/*.லாக் {
    டெய்லி
    ரொட்டேட் 14
    கம்ப்ரெஸ்
    மிஸ்ஸிங்ஓகே
    நாட்இஃப்எம்ப்டி
    ஷேர்டுஸ்கிரிப்ட்ஸ்
    போஸ்ட்ரொட்டேட்
        /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பில்லிங்-சுழற்சி
    எண்ட்ஸ்கிரிப்ட்
}

சுழற்றியதும் ஓடும் போஸ்ட்ரொட்டேட் பகுதியில் உள்ள அந்த பில்லிங்-சுழற்சி என்பது சின்ன பாஷ் ஸ்கிரிப்ட். மூன்று வேலை செய்யும். முதலில் பிஐடி ஃபைலை (ஆப்பின் புராசஸ் எண் இருக்கும் ஃபைல்) படித்து, லாக் ஃபைலைத் திரும்பத் திற என்று ஆப்புக்கு ஹப் சிக்னல் அனுப்பும். அடுத்து, ஒரு நிமிடம் ஸ்லீப் போட்டு, ஜிஸிப் ஆன (சுருக்கப்பட்ட) ஃபைல்களை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் பேக்கப் மெஷினுக்கு அனுப்பும். இந்த வரியின் கடைசியில் & போட்டுப் பின்னணியில் விட்டிருக்கிறேன். மூன்றாவதாக, /டெம்ப் அடைவில் ஒரு காலி ஃபைலைத் தொட்டு வைக்கும். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் அந்த ஃபைலின் நேரத்தைப் பார்த்துத்தான் "இன்று சுழற்சி நடந்தது" என்று முடிவு செய்கிறது.

இப்போது காலையில் வந்து பார்த்தால் சுழற்சி நடந்திருக்கிறது, ஃபைல்கள் ஜிஸிப் ஆகியிருக்கின்றன, ஆப் புது ஃபைலில் எழுதுகிறது. ஆனால் பேக்கப் மெஷினில் எதுவும் வரவில்லை, /டெம்ப் ஃபைலும் இல்லை, கண்காணிப்பு அலறுகிறது. சுடோ போட்டு -எஃப் (கட்டாயமாகச் சுழற்று) கொடுத்து லாக்ரொட்டேட்டை நானே ஓட்டினால் மூன்றும் ஒழுங்காக நடக்கிறது. -டி கொடுத்து ஒத்திகை பார்த்தாலும் ஒரு பிழையும் இல்லை. எங்கே தேடுவது?

#2 வால்பார்ப்பவன்

-டி ஓட்டத்தை வைத்து ஸ்கிரிப்டைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. அந்த முறையில் லாக்ரொட்டேட் எந்த ஃபைலையும் தொடாது, கடைசியாக எப்போது சுழன்றது என்ற குறிப்பு இருக்கும் ஸ்டேட் ஃபைலையும் மாற்றாது, ஸ்கிரிப்டையும் ஓட்டாது. "இந்த ஸ்கிரிப்டை ஓட்டுகிறேன்" என்று வரி மட்டும் அச்சாகும். கன்ஃபிக்கில் இலக்கணப் பிழை இருக்கிறதா, எந்தெந்த ஃபைல் சிக்குகிறது, சுழற்ற வேண்டுமா வேண்டாமா என்று பார்க்க அது நல்ல கருவி. அதோடு சரி.

நிஜமாக ஓட்டிப் பார்க்க -வி (விவரமாக அச்சிடு) போதும், -எஃப் சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். ரொட்டேட் 14 என்று இருக்கும்போது சோதனைக்காக -எஃப் அடித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு அடிக்கும் பழைய ஃபைல் ஒன்று கடைசியில் விழுந்து அழியும். சோதனைக்கு கன்ஃபிக்கின் நகல் ஒன்று, வேறு அடைவில் போலி லாக் ஃபைல்கள், -எஸ் கொடுத்துத் தனி ஸ்டேட் ஃபைல். இப்படி வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம்.

ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருக்கிறதா? எண்ட்ஸ்கிரிப்ட் தனி வரியில்தானே இருக்கிறது?

#3 குறுக்குவழி

காப்பிட்ரங்கேட் போட்டுவிட்டால் ஹப் சிக்னலே தேவையில்லை. ஃபைலை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்துவிடும், ஆப்புக்கு எதுவும் தெரியவே தெரியாது. நான் எல்லா இடத்திலும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

#4 கருந்திரை

ஆப்புக்குத் தெரியாது, உண்மை. நகலெடுத்து முடிந்த கணத்துக்கும் காலி செய்த கணத்துக்கும் நடுவில் வந்த வரிகள் போனதும் யாருக்கும் தெரியாது. பில்லிங் லாக் என்கிறார், அதில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆப் ஃபைலை அப்பெண்ட் (கடைசியில் சேர்த்து எழுதும்) முறையில் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் காலி செய்த பிறகும் அது தன் பழைய ஆஃப்செட்டிலேயே (முன்பு எழுதி நின்ற இடத்திலேயே) போய் எழுதும். ஃபைலின் முன்பகுதி முழுக்க ஓட்டை, எல்எஸ் காட்டும் அளவு பழையபடி ஜிபிக் கணக்கில். டியூ போட்டால்தான் உண்மை அளவு தெரியும். சிக்னலே கேட்காத ஆப்புக்குக் காப்பிட்ரங்கேட் கடைசி வழி. இவருடைய ஆப் ஹப் கேட்கிறது, ஃபைலைத் திரும்பத் திறக்கிறது, அந்தப் பகுதி நன்றாகவே வேலை செய்கிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

வட்டுக்காவலன், பழைய சர்வரில் லாக்ரொட்டேட்டை ஓட்டியது யார், புதியதில் ஓட்டுவது யார் என்று பார்த்தீர்களா? லாக்ரொட்டேட் சர்வீஸின் ஜர்னலையும் இங்கே போடுங்கள்.

#5 வட்டுக்காவலன்

வால்பார்ப்பவன்: முதல் வரியில் பாஷ் இருக்கிறது, எண்ட்ஸ்கிரிப்ட் தனி வரியில் இருக்கிறது.

கருந்திரை: ஜர்னலில் தொடங்கியது, வெற்றியாக முடிந்தது என்ற வரிகள்தான். பிழை ஒன்றுமில்லை. ஓட்டுவது, க்ரான் (நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் நிரல்) தினமும் எடுக்கும் /எட்சி/க்ரான்.டெய்லி அடைவில் உள்ள லாக்ரொட்டேட் ஸ்கிரிப்ட்தான் என்று நினைக்கிறேன், அந்த ஃபைல் புது சர்வரிலும் இருக்கிறது.

#6 கருந்திரை

ஃபைல் இருக்கும், திறந்து படியுங்கள். மேலேயே ஒரு நிபந்தனை இருக்கும்: சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஓடுகிறதென்றால் ஒன்றும் செய்யாமல் வெளியேறு. டெபியன் 10 முதல் லாக்ரொட்டேட்டை ஓட்டுவது லாக்ரொட்டேட்.டைமர், அது எழுப்பும் லாக்ரொட்டேட்.சர்வீஸ். க்ரான் ஃபைல் சிஸ்டம்டி இல்லாதவர்களுக்காக மட்டும் கிடக்கிறது. ஜர்னலில் சர்வீஸ் பெயரில் வரிகள் வந்ததே அதற்குச் சாட்சி.

இப்போது "சிஸ்டம்சிடிஎல் கேட் லாக்ரொட்டேட்.சர்வீஸ்" அடித்துப் பாருங்கள். டைப் ஒன்ஷாட் (ஒரு முறை ஓடி முடியும் வேலை) என்று இருக்கும். அதன் கீழே பாதுகாப்புக்காக ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்களைக் கடிப்பது பிரைவேட்டெம்ப். அது இயங்கினால் சர்வீஸுக்குள் தெரியும் /டெம்ப் வேறு, உங்களுக்கும் எனக்கும் தெரியும் /டெம்ப் வேறு. வார் அடைவுக்குள் இருக்கும் டெம்ப்பும் அப்படியே. ஸ்கிரிப்ட் ஃபைலைத் தொட்டது, வெற்றிகரமாகவே தொட்டது. சர்வீஸ் முடிந்ததும் அந்தத் தனி /டெம்ப் உள்ளே இருந்ததோடு சேர்த்துத் துடைக்கப்பட்டது. கண்காணிப்பு ஸ்கிரிப்ட் பார்த்த இடத்தில் அது ஒருபோதும் இருந்ததில்லை.

ஆர்சிங்க் காணாமல் போனது வேறு காரணத்தால். & போட்டு விட்ட புராசஸ் பின்னணிக்குப் போனாலும் சர்வீஸின் சிகுரூப்பை (அதன் புராசஸ்கள் எல்லாம் அடங்கிய குழு) விட்டு வெளியே போகாது. லாக்ரொட்டேட் முடிந்தவுடன் ஒன்ஷாட் சர்வீஸ் முடிந்ததாகக் கணக்கு. அந்தக் குழுவில் மிச்சம் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாவற்றையும் சிஸ்டம்டி கொன்றுவிடும். உங்கள் ஆர்சிங்க் தொடங்கவே இல்லை, ஸ்லீப்பிலேயே போய்விட்டது. நோஹப் போட்டாலும், செட்எஸ்ஐடி போட்டாலும் தப்பாது, ஏனென்றால் இங்கே கணக்கு செஷனை வைத்து இல்லை, சிகுரூப்பை வைத்து. க்ரான் இப்படித் துரத்திக்கொண்டு போய்க் கொல்வதில்லை. அதனால்தான் பழைய சர்வரில் பிழைத்தது, உங்கள் கையால் ஓட்டும்போதும் பிழைக்கிறது.

ஒரு வரியில்: சுடோ போட்டு ஓட்டுவது வேறு சூழல், இரவில் ஓடுவது வேறு சூழல். சோதனையை இரண்டாவதில் செய்யுங்கள்.

#7 புதுவரி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஏறக்குறைய இதே தலைவலி. என் போஸ்ட்ரொட்டேட்டில் $1 என்று எழுதியிருக்கிறேன், சுழன்ற ஃபைலின் பெயர் வரும் என்று மேனுவலில் படித்தேன். ஆனால் வருவது /வார்/லாக்/ஷாப்/*.லாக் என்ற பேட்டர்னே. நட்சத்திரக் குறியோடு அப்படியே. அப்புறம், நேற்று சேர்த்த இன்னொரு கன்ஃபிக் இரவில் சுழலவே இல்லை.

#8 வால்பார்ப்பவன்

ஷேர்டுஸ்கிரிப்ட்ஸ் போட்டிருப்பீர்கள். அது இருந்தால் ஸ்கிரிப்ட் மொத்தத்துக்கும் ஒரே ஒரு முறைதான் ஓடும், $1 ஆக வருவது முழு பேட்டர்ன். அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு முறை ஓடும், $1 ஆக அந்த ஃபைலின் முழுப் பாதை வரும். போஸ்ட்ரொட்டேட்டுக்கு மட்டும் $2 ஆகச் சுழன்ற பிறகான பெயரும் வரும். ஆனால் பத்து லாக் இருந்தால் ஆப்புக்குப் பத்து முறை சிக்னல் போகும், அதற்குத் தயாராக இருங்கள்.

ப்ரீரொட்டேட்டிலும் (சுழற்சிக்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட்) இந்த வேறுபாடு கடிக்கும். அது பிழையோடு முடிந்தால், சாதாரணமாக அந்த ஒரு ஃபைலின் சுழற்சிதான் நிற்கும். ஷேர்டுஸ்கிரிப்ட்ஸ் இருந்தால் பேட்டர்னில் உள்ள அத்தனையும் நிற்கும்.

இரண்டாவது கேள்வி: ஒரு ஃபைலை முதல்முறை பார்க்கும்போது டெய்லி, வீக்லி போன்ற கால அளவுகளுக்கு லாக்ரொட்டேட் தேதியை ஸ்டேட் ஃபைலில் குறித்துக்கொள்வதோடு சரி. அடுத்த சுற்றிலிருந்துதான் சுழற்றும். பொறுத்திருங்கள், பிழை இல்லை.

#9 தொப்பிக்காரர்

கருந்திரை சொன்னதோடு இன்னொரு சூழல் வேறுபாடு. ஃபெடோரா, ஆர்எச்இஎல் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கும் உண்டு. சர்வீஸிலிருந்து ஓடும்போது லாக்ரொட்டேட் தனக்கென்று உள்ள லாக்ரொட்டேட்_டி என்ற டொமைனுக்குள் ஓடும். நீங்கள் ரூட்டாக டெர்மினலில் ஓட்டும்போது கட்டுப்பாடே இல்லாத டொமைனில் ஓடலாம். லாக் அடைவு /ஆப்ட் அல்லது /ஹோம் போன்ற இடத்தில் இருந்து, வார்_லாக்_டி லேபிள் இல்லாமல் இருந்தால், இரவில் "பெர்மிஷன் டினைடு", பகலில் எல்லாம் சுகம். சிஎச்மாட் 777 போட்டாலும் மாறாது. ஏயூசர்ச்சில் ஏவிசி மறுப்புகளைத் தேடினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். தீர்வு செமனேஜில் எஃப்கான்டெக்ஸ்ட் சேர்த்து ரெஸ்டோர்கான் ஓட்டுவது. எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைக்கச் சொல்லும் அறிவுரை எங்கே பார்த்தாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

#10 வட்டுக்காவலன்

கருந்திரை, நீங்கள் சொன்னது இரண்டும் சரி. க்ரான் ஃபைலில் அந்த நிபந்தனை இருக்கிறது. சர்வீஸில் பிரைவேட்டெம்ப் இருக்கிறது.

அடையாள ஃபைலை வார் அடைவில் லிப்/பில்லிங் என்ற இடத்துக்கு மாற்றினேன், கண்காணிப்பு இப்போது அமைதி. முதலில் /எட்சி கீழே வைக்கப் பார்த்தேன், அங்கே எழுத விடவில்லை.

ஆர்சிங்க் வரியில் & எடுத்துவிட்டேன். இப்போது புதுக் கதை: ஸ்லீப் ஒரு நிமிடம் நிற்கிறது, ஆர்சிங்க் ஓடுகிறது, ஆனால் இன்றைய ஜிஸிப் ஃபைல் போகவில்லை. நேற்று வரைக்கும் உள்ளவை மட்டும் போகின்றன. ஸ்லீப்பை ஐந்து நிமிடமாக்கியும் அதேதான்.

சர்வீஸ் வழியாகச் சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்கும் ஒரு வழி சொன்னால் நல்லது. சர்வீஸைக் கையால் தொடங்கினால் "இன்னும் நேரம் வரவில்லை" என்று விட்டுவிடுகிறது.

#11 கருந்திரை

/எட்சி எழுத விடாததற்குக் காரணம் அதே பட்டியலில் உள்ள புரொடெக்ட்சிஸ்டம்=ஃபுல். /யூஎஸ்ஆர், /பூட், /எட்சி மூன்றும் அந்த சர்வீஸுக்குப் படிக்க மட்டும்தான். /வார் பிரச்சினையில்லை.

சோதனை: ஸ்டேட் ஃபைலைத் திறங்கள், டெபியனில் அது வார் அடைவில் லிப்/லாக்ரொட்டேட்/ஸ்டேட்டஸ். ஒவ்வொரு லாக் ஃபைலின் பெயரும் பக்கத்தில் தேதியும் இருக்கும். உங்கள் ஃபைல்களின் தேதியை மட்டும் இரண்டு நாள் பின்னால் தள்ளிவிட்டு சர்வீஸைத் தொடங்குங்கள். லாக்ரொட்டேட் நேரம் வந்துவிட்டதாக நம்பிச் சுழற்றும், இரவில் ஓடும் அதே சூழலில். வேறு சர்வீஸ்களின் ஃபைல்களைத் தொடாது. ஸ்டேட் ஃபைலைத் தொட விரும்பாவிட்டால் சிஸ்டம்டி-ரன் இருக்கிறது. -பி கொடுத்து பிரைவேட்டெம்ப், புரொடெக்ட்சிஸ்டம் இரண்டையும் சேர்த்து, வால்பார்ப்பவன் சொன்ன நகல் கன்ஃபிக்கை -வி -எஃப் உடன் ஓட்டலாம். நகலையும் அதன் ஸ்டேட் ஃபைலையும் /டெம்ப் கீழே வைத்துவிடாதீர்கள், உள்ளே தெரியாது.

இன்றைய ஜிஸிப் போகாததற்குக் காரணம் வரிசை. பெயர் மாற்றம், புது ஃபைல் உருவாக்கம், போஸ்ட்ரொட்டேட், அதற்குப் பிறகுதான் கம்ப்ரெஸ். ஸ்கிரிப்ட் முடியும்வரை லாக்ரொட்டேட் காத்திருக்கிறது, ஸ்கிரிப்டோ லாக்ரொட்டேட் ஜிஸிப் செய்யட்டும் என்று காத்திருக்கிறது. ஸ்லீப்பை ஒரு மணி நேரமாக்கினாலும் உள்ளே வரப்போவது ஒன்றுமில்லை. முன்பு & இருந்ததால் இந்த முடிச்சு தெரியாமலே அவிழ்ந்திருந்தது.

ஜிஸிப் ஆன பிறகு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அதற்கு லாஸ்ட்ஆக்ஷன் என்று தனிப் பகுதி உண்டு. போஸ்ட்ரொட்டேட், கம்ப்ரெஸ் எல்லாம் முடிந்து, ஒரு ஃபைலாவது சுழன்றிருந்தால் ஒரே முறை ஓடும். ஆர்சிங்க் அங்கே போகட்டும், ஸ்லீப் வேண்டாம்.

#12 குறுக்குவழி

லாஸ்ட்ஆக்ஷன் எனக்கும் புதிது, நல்ல தகவல். அப்படியென்றால் முடிந்தது, ஆர்சிங்கை அங்கே போட்டால் போதும் அல்லவா?

#13 வால்பார்ப்பவன்

ஓடும். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. லாக்ரொட்டேட் ஒரே புராசஸ். மெஷினில் உள்ள அத்தனை லாக்கும் அந்த ஒரே ஓட்டத்தில் வரிசையாகச் சுழல்கின்றன. நடுவில் ஒரு ஸ்கிரிப்ட் நெட்வொர்க்குக்காகத் தொங்கினால், அதற்குப் பின்னால் உள்ள எல்லா லாக்கும் தொங்கும். எஸ்எஸ்எச் எதிர்முனை பதில் சொல்லாமல் கிடந்தால் ஆர்சிங்க் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும்.

சர்வீஸ் இன்னும் முடியவில்லை என்பதால் அடுத்த நாள் டைமர் அடித்தாலும் புது ஓட்டம் தொடங்காது. நீங்கள் தனியாக ஓட்டிப் பார்த்தாலும் ஓடாது, ஏனென்றால் புதிய பதிப்புகள் ஸ்டேட் ஃபைலின் மேல் பூட்டு போட்டுக்கொள்கின்றன. "ஸ்டேட் ஃபைல் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறது" என்று சொல்லி வெளியேறிவிடும். நெட்வொர்க் ஒரு முனையில் செத்ததற்கு, இந்த முனையில் வட்டு நிறைந்து முடியும்.

போஸ்ட்ரொட்டேட்டுக்கு வேலை ஒன்றே ஒன்று: ஃபைலைத் திரும்பத் திற என்று ஆப்பிடம் சொல்வது. மற்றதெல்லாம் வேறு சர்வீஸ். ஆர்சிங்குக்கு ஒரு தனி யூனிட் (சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைல்) எழுதி, லாஸ்ட்ஆக்ஷனிலிருந்து சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் --நோ-பிளாக் என்று கூப்பிடுங்கள். அது தன் சொந்த சிகுரூப்பில் ஓடும், யாரும் கொல்ல மாட்டார்கள், லாக்ரொட்டேட்டும் காத்திருக்காது. தோற்றால் அந்த யூனிட் ஃபெயில்டு என்று தனியாகச் சிவப்பில் நிற்கும்.

#14 கருந்திரை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இரண்டு யூனிட், இரண்டு ஜர்னல், நாளை இந்த சர்வரைப் பார்க்க வருபவர் தேட வேண்டிய இடம் இரண்டு. சின்ன ஃபைல், உள் நெட்வொர்க் என்றால் லாஸ்ட்ஆக்ஷனிலேயே "டைம்அவுட் 300" முன்னால் போட்டு ஆர்சிங்கை ஓட்டினால் போதும் என்பேன். தொங்கினால் ஐந்து நிமிடத்தில் வெட்டிவிடும்.

பெரிய ஃபைல்கள், வெளி நெட்வொர்க் என்றால் வால்பார்ப்பவன் சொன்ன வழிதான்.

எது செய்தாலும் அதற்கு முன் பெயரிடும் முறையை மாற்றுங்கள். எண் வைத்துச் சுழற்றினால் தினமும் .1 என்பது .2 ஆகும், .2 என்பது .3 ஆகும். ஆர்சிங்குக்கு அத்தனையும் மாறிய ஃபைல்கள். பதினான்கையும் தினமும் திரும்ப அனுப்பும். பேக்கப் மெஷினில் ஒவ்வொரு நாளும் எல்லாமே மேலெழுதப்படும், பதினைந்தாவது நாளுக்கு முந்தையது அங்கேயும் இருக்காது. பேக்கப் என்ற பெயரில் மூலத்தின் நிழல் மட்டும் இருக்கும். டேட்எக்ஸ்ட் போட்டால் பெயர் தேதியோடு நிலையாக நிற்கும், தினமும் புதிதாக வந்தது மட்டும் போகும்.

#15 வட்டுக்காவலன்

அது பெரிய விஷயம். பேக்கப் பக்கம் ஏன் பழையது சேரவே இல்லை என்று யோசித்ததுண்டு, அங்கே யாரோ அழிக்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன்.

டேட்எக்ஸ்ட் போட்டேன். ஒரே நாளில் இரண்டாவது முறை சோதித்தபோது "சேருமிடம் ஏற்கெனவே இருக்கிறது, சுழற்சியைத் தவிர்க்கிறேன்" என்று வருகிறது.

#16 கருந்திரை

எதிர்பார்த்ததுதான். பெயரில் நாள் மட்டும் இருப்பதால் ஒரு நாளைக்கு ஒரு பெயர்தான். நிஜ ஓட்டத்தில் தினம் ஒரு முறை என்பதால் பிரச்சினையில்லை. சோதனை கன்ஃபிக்கில் மட்டும் டேட்ஃபார்மட்டில் எபோக் நொடிகளையும் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிகள்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு எண் வைத்துச் சுழன்ற ஃபைல்களை டேட்எக்ஸ்ட் கண்டுகொள்ளாது, ரொட்டேட் 14 கணக்கிலும் அவை வராது. ஒரு தடவை நீங்களே நகர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே காலத்துக்கும் கிடக்கும்.

எக்ஸ்டென்ஷன் .லாக் என்ற வரியைச் சேர்க்கும் ஆசை வந்தால், பேட்டர்னைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுழன்ற ஃபைலின் பெயரும் .லாக் என்று முடியும், உங்கள் *.லாக் பேட்டர்னில் அதுவும் சிக்கும், ஜிஸிப் ஆகாமல் இருந்தால் அடுத்த நாள் அதையும் சுழற்றும். வெறும் நட்சத்திரம் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இது எப்போதுமே நடக்கும், ஜிஸிப் ஆன ஃபைலுக்கு மேல் ஜிஸிப்.

#17 புதுவரி

$1 பிரச்சினை தீர்ந்தது, நன்றி. இன்னொன்று. என் போஸ்ட்ரொட்டேட்டில் கன்ஃபிக்குக்குள்ளேயே நேரடியாக [[ போட்டு இஃப் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஒட்டினால் ஓடுகிறது, லாக்ரொட்டேட்டில் "நாட் ஃபவுண்ட்" என்று வருகிறது.

#18 வால்பார்ப்பவன்

கன்ஃபிக்குக்குள் எழுதும் வரிகளை லாக்ரொட்டேட் /பின்/எஸ்எச் வழியாக ஓட்டுகிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் அது டேஷ், பாஷ் இல்லை. [[ அங்கே கிடையாது, ஒற்றை [ போடுங்கள். இரண்டு மூன்று வரிக்கு மேல் போனால் தனி ஃபைலாக எழுதி முதல் வரியில் பாஷ் என்று சொல்லிவிடுவது நல்லது. தனி ஃபைலாக இருந்தால் ஷெல்செக் போட்டும் பார்க்கலாம்.

பொதுவாக யாருக்காவது உதவும்: அதே பாதுகாப்புப் பட்டியலில் மெமரிடினைரைட்எக்ஸிக்யூட் என்று ஒன்று இருக்கிறது. ஓடும்போதே மெஷின் கோடு உருவாக்கும் நோட் அல்லது ஜாவா நிரலைப் போஸ்ட்ரொட்டேட்டில் கூப்பிட்டால், வெளியே நன்றாக ஓடுவது உள்ளே தொடங்கும்போதே விழும். சர்வீஸுக்கு ட்ராப்-இன் (கூடுதல் அமைப்பு ஃபைல்) எழுதி அதை அணைக்கலாம்தான். அப்படி எழுத வேண்டிய நிலை வந்தாலே அந்த வேலை இங்கே இருக்கக் கூடாது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

#19 தொப்பிக்காரர்

இவ்வளவு நேரம் ஹப் பகுதியை யாரும் தொடவில்லை. பிஐடி ஃபைல் பழசாகிப்போய், அந்த எண்ணில் வேறு ஏதோ புராசஸ் ஓடினால்? ஹப் சிக்னலைக் கையாளாத புராசஸுக்கு அதன் இயல்பு விளைவு சாவுதான். யூஎஸ்ஆர்1 சிக்னலும் அப்படியே. என்ஜின்எக்ஸ் யூஎஸ்ஆர்1 கேட்டு லாக்கைத் திரும்பத் திறக்கும், ஆர்சிஸ்லாக் ஹப் கேட்டுத் திறக்கும், மற்றவை எல்லாம் அப்படி என்று நினைக்கக் கூடாது. பில்லிங் ஆப் சிஸ்டம்டி யூனிட்டாக ஓடுகிறதென்றால் பிஐடி ஃபைலை விட்டுவிட்டு சிஸ்டம்சிடிஎல் கில் வழியாக அனுப்புங்கள். மெயின் புராசஸுக்கு மட்டும் போகும்படி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யூனிட்டில் உள்ள எல்லா புராசஸுக்கும் போகும்.

அந்த வரிக்குப் பின்னால் பிழையை மறைக்கும் || ட்ரூ ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். சிக்னல் போகாவிட்டால் லாக்ரொட்டேட் பிழையோடு முடியட்டும், சர்வீஸ் ஃபெயில்டு ஆகட்டும். || ட்ரூ போட்டால் எல்லாம் பச்சையாகத் தெரியும், ஆப் மட்டும் பழைய ஐநோடிலேயே (பெயர் மாறிய பழைய ஃபைலிலேயே) எழுதிக்கொண்டிருக்கும். ஜிஸிப் முடிந்து மூல ஃபைல் அழிந்த பிறகும் ஆப் அதைப் பிடித்திருந்தால் இடம் திரும்ப வராது. டிஎஃப் ஒரு கணக்குச் சொல்லும், டியூ இன்னொன்று சொல்லும். அப்படி நேர்ந்தால் எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடித்துப் பாருங்கள், அழிந்தும் திறந்திருக்கும் ஃபைல்கள் வரிசையாக வரும்.

#20 குறுக்குவழி

ஆப் ஹப் வாங்கியதும் உடனே ஃபைலை மாற்றிவிடுமா? கையிலிருக்கும் வேலை முடிந்துதான் மாற்றும் என்றால், அதற்குள் ஜிஸிப் தொடங்கிவிடுமே. இப்போது காப்பிட்ரங்கேட் மட்டும்தான் வரி தொலைக்கிறது என்று சொல்ல முடியாது.

#21 கருந்திரை

நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். சிக்னல் அனுப்பியதும் கில் திரும்பிவிடும், ஆப் வேலையை முடித்ததா என்று பார்க்காது. ஜிஸிப் படித்து முடித்த பிறகு பழைய ஃபைலில் விழும் வரிகள் போனவைதான். டிலேகம்ப்ரெஸ் இருப்பதே இதற்காக. இன்று சுழன்றதை இன்று ஜிஸிப் செய்யாமல், அடுத்த சுற்றில் செய்யும். ஒரு நாள் முழுக்க ஆப்புக்கு அவகாசம்.

விலை: பேக்கப்புக்கு ஜிஸிப் ஃபைல் ஒரு நாள் தாமதமாகப் போகும். ஒரு நாள் லாக் இழப்பது ஆகாது என்றால் ஜிஸிப் ஆகாததையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அடுத்த நாள் அதுவே ஜிஸிப்பாக இன்னொரு முறை போகும், பேக்கப்பில் இரட்டிப்பு வரும். வட்டுக்காவலன்தான் முடிவு செய்ய வேண்டும்.

#22 வட்டுக்காவலன்

டிலேகம்ப்ரெஸ் போட்டுவிட்டேன், ஒரு நாள் தாமதம் எங்களுக்குப் பரவாயில்லை. இப்போது ஓடும் கன்ஃபிக்:

/வார்/லாக்/பில்லிங்/*.லாக் {
    டெய்லி
    ரொட்டேட் 14
    டேட்எக்ஸ்ட்
    கம்ப்ரெஸ்
    டிலேகம்ப்ரெஸ்
    மிஸ்ஸிங்ஓகே
    நாட்இஃப்எம்ப்டி
    ஷேர்டுஸ்கிரிப்ட்ஸ்
    போஸ்ட்ரொட்டேட்
        சிஸ்டம்சிடிஎல் கில் -எஸ் ஹப் --கில்-ஹூ=மெயின் பில்லிங்.சர்வீஸ்
    எண்ட்ஸ்கிரிப்ட்
    லாஸ்ட்ஆக்ஷன்
        சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் --நோ-பிளாக் பில்லிங்-நகல்.சர்வீஸ்
    எண்ட்ஸ்கிரிப்ட்
}

பில்லிங்-நகல் யூனிட்டில் ஆர்சிங்க் மட்டும், டைம்அவுட்டோடு. அடையாள ஃபைலைத் தொடுவதை அதன் கடைசிக்கு நகர்த்தினேன். முன்பு ஆர்சிங்க் ஓடாமலே ஃபைல் தொடப்பட்டிருக்க வாய்ப்பு இருந்தது, இப்போது நகல் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தால்தான் தொடப்படும். ஸ்டேட் ஃபைல் தேதியைப் பின்னால் தள்ளி, சர்வீஸ் வழியாகவே ஓட்டிச் சோதித்தேன். இரவிலும் ஓடியது, பேக்கப்பில் தேதியிட்ட ஃபைல் வந்திருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். டைமர் நள்ளிரவு என்கிறது, ஆனால் ஓடியது கொஞ்சம் தள்ளி. தேதி மாறிப் பெயர் குழம்புமா?

#23 வால்பார்ப்பவன்

டைமர் யூனிட்டில் அக்யூரசிசெக் அல்லது ராண்டமைஸ்டுடிலேசெக் என்று ஒரு வரி இருக்கும், அந்த அளவுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஓடலாம் என்று பொருள். பெர்சிஸ்டென்ட்டும் இருக்கும், நள்ளிரவில் மெஷின் அணைந்திருந்தால் எழுந்ததும் ஓடும். டேட்எக்ஸ்ட் ஓடிய நாளின் தேதியைத்தான் வைக்கும். ஆகவே 12 மணிக்குப் பிறகு சுழன்ற ஃபைலில் உள்ளே இருப்பது பெரும்பாலும் முந்தைய நாளின் வரிகள். அது உறுத்தினால் டேட்எஸ்டர்டே என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், முந்தைய நாளின் தேதி பெயரில் வரும்.